கிழக்கே கால் நீட்டியவர்கள்

சேற்றிலிருந்து நான் முதலில் எடுத்தது ஒரு தொடை எலும்பு. மரக்கிளை என்று நினைத்து வீசப் போனேன். "ஏலே, பைய வையி. ஒறங்குதாங்க" என்றார் அண்ணாச்சி.

தொண்ணூறுகளில் ஒரு கார்த்திகை மாதம். தாமிரபரணியில் வந்த வெள்ளம், சீவலப்பேரிப் பக்கம் ஒரு கிறிஸ்தவ ஊரின் கல்லறைத் தோட்டத்தில் ஆற்றோரச் சரிவை அறுத்துவிட்டிருந்தது. பெட்டிகள் உடைந்து எலும்புகள் சேற்றில் கிடந்தன. செங்கல் சூளை மூழ்கியதால் வேலையில்லாமல் திரிந்த எனக்கு அங்கே கூலி கிடைத்தது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வேலை எதுவானால் என்ன? அண்ணாச்சி அந்தத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர். அவர் மனைவியையும் அந்தச் சரிவில்தான் புதைத்திருந்தார்கள்.

அந்த ஊரில் தலை மேற்கே, கால் கிழக்கே வைத்துத்தான் புதைப்பார்கள். கர்த்தர் கிழக்கிலிருந்து வருவார்; எழுந்ததும் அவர் முகம் தெரிய வேண்டும். அண்ணாச்சி மேட்டில் வரிசையாகக் குழிகள் வெட்டி, எலும்புகளை அப்படியே படுக்க வைத்தார். வைக்குமுன் ஒவ்வொரு கையெலும்பையும் தடவிப் பார்த்தார். அறுப்புக்குப் போன இடத்தில் வரப்பில் விழுந்து மனைவியின் இடது கை முறிந்து, கோணலாகக் கூடி முடிச்சு விழுந்திருந்ததாம். அந்த முடிச்சைத்தான் தேடினார்.

மறுநாள் சபை மூப்பர் குடையோடு வந்தார். "மறுபடி மழை வருது வே. எல்லாத்தையும் ஒரே குழியில தள்ளி மூடும். எது யாரு எலும்புன்னு கர்த்தருக்குத் தெரியாதா?"

"அவருக்குத் தெரியும் ஐயா. படுக்க வைக்க வேண்டியது நாமல்லா."

"அப்ப நாளைக்குக் கூலி கெடையாது, பாத்துக்கிடும்."

அவர் போனபின் கவனித்தேன். அண்ணாச்சி கையெலும்புகளைத் தடவுவதை நிறுத்தியிருந்தார். சேற்றைக் கழுவி, தலை, தோள், கால் என்று நிதானமாக வைத்துக்கொண்டிருந்தார். "மதினியத் தேடலியா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"தேடுனா மத்தவங்கள அவசரமா வச்சிருதேன்லே. அவங்களும் காத்துக்கிட்டுத்தான கெடக்காங்க."

கூலி இல்லாத மறுநாளும் மழையில் வேலை செய்தோம். அவர் கொண்டுவந்த கஞ்சிதான் இருவருக்கும் சாப்பாடு. எதனோடும் சேராத துண்டுகள் ஒரு சாக்கு மிஞ்சின. அவற்றுக்கும் ஒரு குழி வெட்டி, மண்டையோட்டுத் துண்டுகளை மேற்கிலும் கால் துண்டுகளைக் கிழக்கிலும் வைத்தார். "இதுல இருந்தாலும் இருப்பா" என்று சொல்லி மூடினார். அழவில்லை. மண்வெட்டியைக் கழுவ அதே ஆற்றுக்குத்தான் இறங்கினார்.

அதன்பின் பல ஊர்களில் எதற்கெதற்கோ காத்திருக்கிற மனிதர்களைப் பார்த்துவிட்டேன். பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சியும் இப்போது அந்த மேட்டில்தான் படுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவர் மனைவியை ஆறு கடலுக்கே கொண்டுபோயிருக்கலாம். அது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. கர்த்தரின் வருகையை நம்புகிறாயா என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. ஆனால் அவர் வந்தால், அந்த மேட்டில் ஒருவர்கூட அவருக்கு முதுகு காட்டி எழமாட்டார்.