செபஸ்தியாரின் தோளில் இருந்த ஓட்டை

உங்கள் நன்மைக்குத்தான் செய்தோம் என்று யாராவது சொல்லிக்கொண்டு வந்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிச் சொல்லித்தான் எங்கள் செபஸ்தியாரைக் கெடுத்தார்கள்.

நான் பிறந்தது நுரைச்சோலைக்கு அப்பால், கடலோரக் கிராமம் ஒன்றில். அது எங்கள் ஊர் அல்ல. சண்டைக் காலத்தில் அப்பாவும், அவருடைய அக்காவான மாமியும், இன்னும் சில குடும்பங்களும் மன்னார்ப் பக்கத்திலிருந்து வள்ளங்களில் ஓடிவந்து அங்கே இறங்கியவர்கள். கொண்டுவந்த சாமான்களில் பெரியது, எங்கள் ஊர்க் கோயிலில் இருந்த செபஸ்தியாரின் மரச் சொரூபம். வந்து இறங்கிய கிராமத்துக் கோயிலின் நடுப் பீடத்தில் ஏற்கெனவே அந்தோனியார் இருந்தபடியால் எங்களவருக்குப் பக்கச் சுவரோரம் ஒரு மேசை கிடைத்தது. அகதிக்கு அது போதும்தானே.

செபஸ்தியார் அம்பெய்து வதைக்கப்பட்ட புனிதர், உடம்பெல்லாம் அம்புக் காயங்கள் இருக்கும். அவை எந்தக் கோயிலிலும் இருப்பவை, ஆசாரி செதுக்கியவை. எங்கள் செபஸ்தியாருக்கு மட்டும் இடது தோளில், அம்பு இல்லாத ஒரு ஓட்டை கூடுதலாக இருந்தது. ஊர்க் கோயில் முற்றத்தில் பீரங்கிச் செல் விழுந்து வெடித்தபோது ஒரு துண்டு உள்ளே பறந்து வந்து துளைத்தது. அதே செல்லில்தான் மாமியின் ஒரே மகன் செத்துப்போனான். எனக்கு மச்சான் முறை, நான் கண்டதில்லை. அவனை மணலில் தாட்டுவிட்டு, ஒரு சிலுவை நடக்கூட நேரமில்லாமல் வள்ளம் ஏறினார்கள். படம் ஒன்றும் மிஞ்சவில்லை. அப்படி ஒரு பிள்ளை செத்தான் என்பதற்கு இருந்த ஒரே அடையாளம் அந்த ஓட்டைதான்.

சொரூபத்தை முத்தமிட்டு வணங்குவதை நாங்கள் முத்தி செய்வது என்போம். எல்லோரும் பாதத்தில் முத்தி செய்வார்கள். எங்கள் ஆட்கள் அந்த ஓட்டையில் முத்தி செய்வார்கள். மாமி ஒரு வாங்கை இழுத்துப் போட்டு ஏறி நிற்பார். சிறு பிள்ளைகளை அப்பா தூக்கிப் பிடிப்பார். உள்ளூர்ப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், எனக்கு வெட்கமாக இருக்கும்.

சண்டை முடிந்து சில வருடங்களில், ஊர்க் கோயிலுக்குப் புதுக் கூரை போட்டாயிற்று, திருநாள் வைக்கப்போகிறோம், சொரூபத்தைக் கொண்டுவாருங்கள் என்று தகவல் வந்தது. அன்றிலிருந்து மாமியின் வாயில் ஒரே கதைதான். அங்கே இப்போது இருப்பவர்களில் பாதிப் பேர் புது ஆட்கள், அவர்களுக்கு அந்த ஓட்டையைக் காட்டி, இந்த முற்றத்தில்தான் என் பிள்ளை செத்தான் என்று சொல்ல வேண்டும். வேறு ஒன்றும் அவர் கேட்கவில்லை.

கோயில் காரியங்களைப் பார்த்துவந்த மூப்பர் நல்ல மனிதர். வினையே அதுதான். எங்களுக்குக் கொட்டில் போட ஓலை தந்தவர் அவர். செபஸ்தியாரைக் குறையோடு அனுப்பினால் தங்கள் ஊருக்கு மரியாதை இல்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. எங்களிடம் ஒரு சொல் கேட்காமல், சிலாபத்திலிருந்து ஒரு பெயின்டரைக் கூட்டிவந்து, சொரூபத்தை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். வழியனுப்பும் பூசை முடிந்த பிறகுதான் திரையை விலக்கினார்கள்.

செபஸ்தியார் மாப்பிள்ளை மாதிரி நின்றார். ரோஸ் நிறக் கன்னம், தங்க நிற ஒளிவட்டம். அம்புக் காயங்களுக்கெல்லாம் புதுச் சிவப்பு. தோளில் ஓட்டை இருந்த இடம் மாபிள் மாதிரி வழவழவென்று இருந்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இனி யாரும் எங்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்.

மாமி வழக்கம்போல வாங்கில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு, தோளில் வாயை வைத்தார். உடனே கண்ணைத் திறந்தார். காயாத பெயின்ட் உதட்டில் ஒட்டியிருந்தது. விரலால் தடவித் தடவித் தேடினார்.

"ஆர் இதை அடைச்சது?"

மூப்பர் சிரித்துக்கொண்டே முன்னுக்கு வந்தார். "நான்தான் அக்கா. நல்ல வேலைக்காரன். முந்தி எப்பிடி இருந்திச்சு, இப்ப பாருங்க."

"அது என்ர பிள்ளையின்ர காயம். அதை அடைக்க நீங்க ஆர்?"

மாமி கொண்டையிலிருந்து ஊசியை உருவித் தோளைச் சுரண்டத் தொடங்கினார். பெண்கள் பிடித்து இழுத்தார்கள். மந்திரித்து ஆசீர்வதித்த சொரூபத்தில் கை வைக்கக் கூடாது என்று பாதர் சத்தம் போட்டார். மூப்பருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்லதுக்குத்தானே அக்கா செஞ்சது," என்றார்.

அப்பா மாமியின் கையைப் பிடித்து ஊசியை வாங்கினார். "விடு அக்கா. இவங்கட கிணத்துத் தண்ணி குடிச்ச ஆக்கள் நாங்க. கதைக்காம வா."

தண்ணீர் தந்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், ஓம். அதற்காக வாயையும் கழற்றிக் கொடுத்துவிட வேண்டுமா? அப்பாவிடம் இதைப் பிற்காலத்தில் கேட்டேன். அன்றைக்கு மாமி உதட்டைத் துடைக்காமலே வீட்டுக்கு வந்தார்.

ஊர்த் திருநாளுக்கு வான் வண்டி பிடித்துப் போனோம். மூப்பரும் கூட வந்தார். சொரூபத்தை வேட்டு வெடித்து வரவேற்றார்கள். பூசை முடிந்ததும், வெளியிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் மைக்கைப் பிடித்தார். மாமி முன்வரிசையில் இருந்தார்.

"இந்தச் சொரூபத்தைப் பாருங்கள். இவ்வளவு சண்டைக்குள்ளும் ஒரு கீறல்கூடப் படவில்லை. இந்தக் கோயிலில் ஒரு தீங்கும் நடக்க அவர் விடவில்லை. இதுதான் புதுமை, இதுதான் அற்புதம்."

சனம் கைதட்டியது. மூப்பருக்குப் பொன்னாடை போட்டார்கள், அவர் குனிந்து வாங்கிக்கொண்டார். மாமி எழுந்து நின்றார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பக்தியில் தலை சுற்றுகிறதாக்கும் என்று நினைத்து, பக்கத்தில் இருந்த பெண் அவரைப் பிடித்து இருத்தித் தண்ணீர் கொடுத்தாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அவருக்குப் பெயரே புதுமைச் செபஸ்தியார். எங்கெங்கோ இருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். கீறல் படாத கதையை வாசலிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்கு வெறி வரும்.

அன்றைக்கு எனக்கு ஒன்பது வயது. எங்கள் செபஸ்தியாரை மைக்கில் புகழ்கிறார்கள் என்ற பெருமையில் கை சிவக்கத் தட்டினேன். ஒரு தீங்கும் நடக்கவில்லை என்றால் மச்சான் எப்படிச் செத்தான் என்று கேட்க எனக்குத் தெரியவில்லை.