தோலை உரித்துப் பார்க்கிறவர்கள்

சோளம் சுட்டு விற்பது என்றால் நாள் முழுக்கச் சந்தேகத்தோடு குடித்தனம் நடத்துவது. காசிமேட்டில் மீன் விற்கும் என் நாத்தனார் செவுளைத் தூக்கிக் காட்டுவாள். சிவப்பாக இருந்தால் பேச்சு முடிந்தது. என் சரக்கு நாலைந்து தோலுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. இளநீர், தர்பூசணி என்று மூடிக்கிடக்கிற எதையாவது விற்கிறவர்களா நீங்கள்? அப்படியானால் நீங்களும் என் கட்சிதான்.

திருவொற்றியூரில் கடலோரக் கற்களை ஒட்டிய சாலையில், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது என் தள்ளுவண்டி.

நகம்

கதிரைப் பார்த்ததும் எல்லாருக்கும் கட்டைவிரல் துறுதுறுக்கும். தோலை விலக்கி, முத்தில் நகத்தை அழுத்திப் பால் வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் பிஞ்சு, வராவிட்டால் முற்றல். இரண்டுக்கும் நடுவே ஒரு சோளம் இந்த உலகத்தில் விளையவே இல்லை. நகம் பட்ட கதிரை அடுத்தவர் தொடமாட்டார்.

ஒருநாள் ஓர் அம்மாள் மகன், மருமகளோடு வந்து, வண்டியிலிருந்த கதிரில் பாதியை உரித்துப் போட்டார். போதும் தாயே, எல்லாம் ஒரே மூட்டைதான் என்றேன். அவர் மருமகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேலாக்கப் பாத்தா எல்லாம் நல்லாத்தான் கீது. வூட்டுக்கு இட்னு போனாத்தான் வண்டவாளம் தெரியுது."

கறுப்பு

கோயம்பேட்டில் ஸ்வீட் கார்ன், நாட்டுச்சோளம் இரண்டும் கிடைக்கும். ஸ்வீட் கார்ன் அவிக்கத்தான் லாயக்கு. சுட்டால் முத்து சுருங்கிப்போகும். நாட்டுச்சோளத்தைக் கரி அடுப்பில் திருப்பித் திருப்பி வாட்டி, படபடவென்று வெடிக்கும்போது எடுத்து, எலுமிச்சை மூடியை மிளகாய்ப்பொடி உப்பில் தோய்த்துச் சூட்டோடு தேய்க்க வேண்டும். கடற்காற்றில் நின்று மூக்கு ஒழுக ஒழுக அதைத் தின்னும் சுகமே தனி. தினமும் சுடுகிற எனக்கே இன்னும் வாய் ஊறுகிறது.

அனல்மின் நிலையப் புகைக்கு நடுவே குடியிருக்கும் எண்ணூர்க்காரர் ஒருவர், கன்டெய்னர் லாரி ஓட்டுபவர், சுட்ட கதிரைக் கையில் வைத்துக்கொண்டு உற்று உற்றுப் பார்த்தார். கருகிவிட்டதா, வேறு தரட்டுமா என்று கேட்டேன். "கருவுனா பரவால்லக்கா. இந்தக் கறுப்பு உன் அடுப்புல வந்துதா, எங்க ஏரியா காத்துல வந்துதானு பாத்துகினு கீறேன்."

கட்டம்போட்ட சட்டை

வாடிக்கைக்காரர்களை மட்டும் சொல்வானேன், நானும் லேசுப்பட்டவள் இல்லை. கட்டம்போட்ட சட்டைக்காரர் ஒருவர் தினமும் வருவார். நகத்தால் கீறமாட்டார், பேரம் பேசமாட்டார். அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. போதாததற்குச் சுட்டதை அங்கே தின்னாமல், தோலில் சுற்றித் துணிப்பைக்குள் ஒளித்துக்கொண்டு போய்விடுவார். நான் எலுமிச்சை தேய்க்கும்போது மட்டும் அவர் கண் என் கையை விட்டு நகராது.

பக்கத்தில் பஜ்ஜி போடும் தேசம்மாள்தான் துப்பு கொண்டுவந்தாள். மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் ஸ்வீட் கார்னை அவித்து, வெண்ணெய் போட்டுக் கப்பில் விற்கிறவரேதான் இவராம். அந்த வண்டி வந்ததிலிருந்தே காலேஜ் பிள்ளைகள் என் பக்கம் வருவது குறைந்துவிட்டது. மிச்சமிருக்கிற வியாபாரம் என் மிளகாய்ப்பொடியால் நடக்கிறது. அதில் என்னென்ன சேர்க்கிறேன் என்று என் வீட்டுக்காரருக்கே தெரியாது. அதையும் இவர் பார்த்துக் கற்றுக்கொண்டால் நான் அடுப்பை அணைத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். தேசம்மாள் பஜ்ஜியைத் திருப்பிப் போட்டபடியே வழி சொன்னாள்: "சொம்மா வுடாத. கத்துகினு போறவன் தப்பாவே கத்துகினு போவட்டும்."

உப்பு

மறுநாள் அவருக்கென்று தனிக் கிண்ணம் வைத்தேன். உப்பை வாரிப் போட்டுக் கலந்து, அவர் கண்ணெதிரிலேயே அழுத்தித் தேய்த்துக் கொடுத்தேன். இதைப் பார்த்து அவர் செய்தால் மெட்ரோ வாசலில் ஈ கூட மொய்க்காது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

அடுத்த நாளும் வந்தார். கதிர் கேட்காமல் என் முகத்தையே பார்த்தார். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். "நேத்து உப்பு கரிச்சுதுக்கா. இன்னா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார்.

எனக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. நீயே சோளக்காரன், என் சோளம் உனக்கு எதற்கு, அதைப் பையில் ஒளித்து எங்கே கொண்டுபோகிறாய் என்று பிடித்துக்கொண்டேன். மனுஷன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "நாள் பூரா அவிச்ச சோளத்த மோந்துகினு கீறேன், அத்தயே மன்சன் துன்னுவானா? உன் சோளத்த நான் துன்றத எவனாச்சும் பாத்தா அப்பால யாரு என்னாண்ட வாங்குவான்? அதான்க்கா, வூட்டுக்குப் போய் கதவ சாத்திகினு துன்றேன்."

அன்றிலிருந்து நல்ல கதிராகப் பார்த்து அவருக்கென்று எடுத்துவைக்கிறேன், ஆனால் பொடி கலக்கும்போது மட்டும் இன்னும் அவருக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறேன்.