ரோடு கிளியர், வாங்க

எங்கள் எஸ்டேட்டுக்கு மேலே இருக்கும் ரிசார்ட்டில் நான் ரிசப்ஷன் வேலை பார்க்கிறேன். மேனேஜருக்கு வேகம் என்றால் உயிர். ஒருநாள் கம்ப்யூட்டரிலிருந்து மவுஸைப் பிடுங்கி டிராயரில் போட்டுப் பூட்டினார். கீபோர்டில் ஆல்ட்டும் டேப்பும் அழுத்தினால் அடுத்த பக்கம் வரும். கண்ட்ரோலும் வி-யும் அழுத்தினால் எடுத்து வைத்த வரி அப்படியே விழும். நல்ல வித்தைதான், மறுக்கவில்லை. நானும் சீக்கிரமே கற்றுக்கொண்டேன்.

ஒன்றுக்கு மட்டும் மசியவில்லை. மலைப்பாதை எப்படி என்று வாட்ஸ்அப்பில் கேட்பவர்களுக்கு, கீழிருந்து ஏறி வரும் பால் வண்டிக்காரரிடம் விசாரித்த பிறகுதான் பதில் அடிப்பேன். ஜீப் ஓட்டும் என் தம்பியும் ஆள் ஏற்றுமுன் ரிசார்ட்டின் அந்த வாட்ஸ்அப் எண்ணில்தான் கேட்பான். பதில் சொல்வது அக்கா என்ற தைரியம்.

"இப்படி ஆமையா அடிச்சா வர்ற ஆளு வேற எடத்துக்குப் போயிரும்" என்பார் மேனேஜர். அவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் எல்லோருக்கும் ஒரே வரி: "ரோடு கிளியர், வாங்க." கேள்வியைப் படிக்கக்கூட மாட்டார்.

ஆடி மழையில் ஒருநாள் காய்ச்சலோடு எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டில் படுத்துவிட்டேன். விடியும் முன்பே டவுனுக்குப் போய்விட்ட தம்பிக்கு அது தெரியாது. மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டினார்.

"மேல வளைவுல உருள்பொட்டலாம்டி. மண்ணு சரிஞ்சு ரோட்டையே மூடிருச்சாம். ஒன் தம்பி எங்க?"

தம்பி போனை எடுக்கவில்லை. ரிசார்ட் எண்ணுக்கு எழுதினேன்: "சார், மண்ணு சரிஞ்சிருச்சாம். தம்பி ஜீப் அங்க வந்துச்சா?"

அனுப்பிய கையோடு பதில் வந்து விழுந்தது.

"ரோடு கிளியர், வாங்க."

அந்த விரல்களை எனக்குத் தெரியும். மழையோடு மழையாக வளைவை நோக்கி ஓடினேன்.

பாதி வழியில் தம்பி எதிரே நடந்து வந்தான். தலை முதல் கால் வரை சேறு. பின்னால் டூரிஸ்ட் குடும்பம் ஒன்று, ஒருவரை ஒருவர் பிடித்தபடி. ஜீப் மண்ணுக்குள் போய்விட்டது. அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுகை அடங்கியதும் ஆத்திரம் வந்தது.

"இந்த மழையில எந்த மடப்பயடா ஒன்னைய ஏறச் சொன்னான்?"

அவன் என்னைப் புரியாமல் பார்த்தான்.

"நீதானக்கா சொன்ன."