பச்சை வலைக்குள் ஒரு டிராகன்

சென்ற மாதம் எங்கள் கம்பெனியில் ஸ்ட்ரெஸ் பற்றி ஒரு வகுப்பு நடத்தினார்கள். பெங்களூரிலிருந்து வந்த பயிற்சியாளர் அறிகுறிகளைப் பலகையில் எழுதினார். பசியின்மை, முகம் கறுத்தல், ஆட்களைக் கண்டால் ஒதுங்குதல், ஒரே இடத்தில் முட்டிக்கொண்டிருத்தல். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. அந்தப் பாடத்தை நாலாம் வகுப்பிலேயே ஓர் ஓணானிடம் படித்தவன் நான். பாதிதான் புரிந்தது என்பது வேறு விஷயம்.

ஓணான் என்றால் மாமா கோபித்துக்கொள்வார். அது வாட்டர் டிராகன். அம்மாவின் தம்பியான மாமா, ஒசூர் தொழிற்பேட்டையில் ஒரு வெளிநாட்டு என்ஜினீயருக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். என்ஜினீயர் சொந்த நாட்டுக்கே திரும்பியபோது, தான் வளர்த்ததைக் கண்ணாடிப் பெட்டியோடு மாமாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். வாலோடு சேர்த்தால் என் கை நீளம். வாழையிலைப் பச்சை. முதுகில் சீப்புப் பல் மாதிரி ஒரு வரிசை. மாமாவும் அத்தையும் ஒசூரை ஒட்டிய எல்லை ஊரான ஜூஜுவாடியில் எங்களோடுதான் இருந்தார்கள். முன்னறையில் மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் டிராகனைக் குடிவைத்தோம்.

மாமாவுக்கும் அன்றிலிருந்து லீவு என்று என்னிடம் சொன்னார்கள். என்ஜினீயர் துரை ஊருக்குப் போனதற்கு டிரைவருக்கு இத்தனை நாள் லீவு கொடுக்கிற கம்பெனி எவ்வளவு நல்ல கம்பெனி என்று பள்ளியில் பெருமையடித்தேன். டிராகனைப் பற்றி அடித்த பெருமை தனிக்கணக்கு.

மறுநாளே தெரு திரண்டு வந்துவிட்டது. கன்னடக்காரர்கள் ஓதிக்யாதா என்றார்கள், தெலுங்குக்காரர்கள் தொண்டா என்றார்கள், நம்மவர்கள் ஓணான் என்றார்கள். மூன்று மொழியிலும் அதற்குக் கிடைத்த மரியாதை ஒன்றுதான். வந்தவர்கள் முதலில் கண்ணாடியைத் தட்டினார்கள். பிறகு கட்டில் பக்கம் திரும்பி, "இன்னும் கூப்புடலையாப்பா?" என்று மாமாவைக் கேட்டார்கள். ஆட்களைக் கண்டால் டிராகன் கண்ணை மூடிக்கொள்ளும். மாமாவும் மூடிக்கொள்வார். இரண்டு பேருக்கும் நல்ல தூக்கம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் வாழையிலைப் பச்சை போய்ப் பழைய புளியின் நிறம் வந்தது. நாளெல்லாம் மூக்கைக் கண்ணாடியில் தேய்த்தது. எனக்கு முத்தம் கொடுக்கிறது என்று நான் அறிவித்தேன். சாமி கும்பிடுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரம்மா ஊதுபத்தி ஏற்றிவைத்தார். மூக்கில் தோல் உரிந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. அம்மா கேழ்வரகுக் களியைக் கோலிக்குண்டு அளவில் உருட்டி வைத்தாள். தொடவில்லை. நான் உயிரைக் கொடுத்துப் பிடித்துவந்த கரப்பான்பூச்சியும் பெட்டிக்குள் இரண்டு நாள் சௌக்கியமாக வாழ்ந்தது.

அப்பா யோசித்து நோயைக் கண்டுபிடித்தார். வெள்ளைக்காரரிடம் வளர்ந்த பிராணி, நம் பேச்சு அதற்குப் புரியவில்லை. தெருவில் ஆளுக்கு மூன்று பாஷை தெரியும், அதற்குத் தெரிந்த ஒன்றுதான் யாருக்கும் வராது. இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவன் நான் ஒருவன். ஆகவே தினமும் மாலையில் பெட்டி முன்னால் சம்மணமிட்டு என் பாடப்புத்தகத்தை உரக்க வாசித்தேன். டிராகன் எட்டாத மூலைக்கு ஏறி முதுகைக் காட்டி உட்கார்ந்தது. என் ஆங்கில உச்சரிப்பைப் பற்றி அவ்வளவு நேர்மையாக அதன்பின் யாரும் கருத்துச் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அது ஏதாவது தின்னாவிட்டால் பெங்களூர் மிருகக்காட்சிசாலையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது என்று அப்பா கெடு வைத்தார். வீட்டில் வைத்துச் சாகடிக்க அவருக்கு மனமில்லை. எனக்கு அழுகை வந்தது. மாமாவின் தட்டிலும் களி பாதி அப்படியே இருந்தது. டிராகனுக்காக உண்ணாவிரதம் என்று புரிந்துகொண்டு நானும் சேர்ந்தேன். சாயங்காலம் போண்டா வரும்வரை அதில் உறுதியாக இருந்தேன்.

அத்தை ரோஜாப் பண்ணையில், பாலித்தீன் கொட்டகைக்குள் வேலை செய்தாள். விடிந்ததும் போனால் இருட்டும்போதுதான் வருவாள். அந்த வெள்ளிக்கிழமை பண்ணையில் மருந்தடித்ததால் மதியமே அனுப்பிவிட்டார்கள். வாசலில் நின்று பார்த்தாள். பெட்டியைச் சுற்றி ஏழெட்டுப் பேர், விடுமுறை நாளென்று மதியமே இங்கிலீஷைத் தொடங்கிவிட்ட நான், மூலையில் கறுத்துக் கிடந்த டிராகன், கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மாமா.

"புதுசா நட்ட செடிய இப்பிடித்தான் ஆளாளுக்குப் புடுங்கிப் புடுங்கிப் பாப்பாங்களா?" என்றாள்.

"ஓணானுக்கு இவ்ளோ வக்காலத்தாடி?" என்றார் ஊதுபத்தி அம்மா.

"எடம் மாறி வந்துருக்குதுக்கா. வேர் புடிக்கட்டும். ஒரு வாரத்துக்கு யாரும் வராதீங்க."

மறுநாளும் பண்ணையில் வேலை இல்லை. விடிந்ததும் போய் அங்கிருந்து பழைய பச்சை நிழல்வலை ஒன்றையும் தண்ணீர் பீய்ச்சும் கைப்பம்பையும் கொண்டுவந்தாள். கொய்யாக் கிளை ஒன்றை ஒடித்துப் பெட்டிக்குள் நட்டாள். வலையை ஜன்னல் கம்பியிலிருந்து கதவு நிலைவரை இழுத்துக் கட்டினாள். பெட்டி மறைந்தது. மாமாவின் கட்டிலும் சேர்ந்து மறைந்தது.

"பெட்டிக்கு ரெண்டு முழம் போதுமே அத்தை" என்றேன்.

"இருக்கட்டும் கண்ணு. தாராளமா இருந்தாத்தான் காத்து வரும்."

கைப்பம்பை மாமா கையில் கொடுத்து, காலையும் மாலையும் இலை நனைகிற அளவு பீய்ச்சச் சொன்னாள். வாசிப்புக்குத் தடை விழுந்தது. யார் வந்து கேட்டாலும், "தூங்குது, அப்புறம் வாங்க" என்று வாசலோடு அனுப்பிவிட்டாள். வலைக்கு வெளியே நின்றால் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் மட்டும் கேட்கும். நடுவில் மாமா தாழ்ந்த குரலில் அதனிடம் என்னவோ பேசுவார். சுத்தமான தமிழில்தான்.

ஞாயிறு காலை அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். நான் தூணோடு ஒட்டிக்கொண்டிருந்தேன். வலையின் ஓரம் விலகி மாமாவின் தலை தெரிந்தது.

"ரெண்டு மண்புழு உள்ள போயிருச்சு மச்சான். கழுத்துல பச்ச திரும்புது, வந்து பாருங்க. மெதுவா வாங்க."

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அன்று மத்தியானம் மாமா இரண்டாவது உருண்டை களியைக் கேட்டு வாங்கினார். அம்மா ஏனோ அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை என்றாள். எங்கள் வீட்டில் அப்போது கேஸ் அடுப்பு.

ஒரு மாதம் கழித்து மாமாவின் லீவு முடிந்தது, கம்பெனிதான் மாறியிருந்தது. விடியற்காலையில் ரோஜாக்களை ஏற்றிக்கொண்டு பெங்களூருக்கு வேன் ஓட்டப் போனார். டிராகன் ஆறு வருடம் கண்ணைத் திறந்துகொண்டு வாழ்ந்தது.

ரோஜாப் பாத்தியை ஒரு பார்வை பார்த்து இத்தனை அடி வலை என்று அத்தை சொன்னால், டேப் வைத்து அளந்தாலும் அதேதான் வரும். பண்ணையில் வலை வெட்டும்போதெல்லாம் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவளுக்கு அன்று பெட்டிக்கு மட்டும் அளவு தெரியவில்லை என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.