கீழ் வீட்டுக் குளியலறை

சென்ற மழைக்காலத்தில், மயிலாப்பூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டில் நடந்தது இது. என் கணவருக்கு ஈக்காட்டுத்தாங்கலில் பழைய இன்வெர்ட்டர் பேட்டரிகளைப் பிரித்துச் சரிசெய்யும் பட்டறையில் வேலை. இரண்டு வயது மகள் சரியாகச் சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தாள். மருத்துவரிடம் காட்டினோம். அப்பாவின் வேலையைக் கேட்டதும் ரத்தப் பரிசோதனை எழுதினார். பேட்டரிகளில் இருக்கும் காரீயம் அவள் ரத்தத்தில் கூடியிருந்தது.

ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்த உணவு உலோக நஞ்சை முறிக்கும் என்று எங்கோ படித்ததைப் பிடித்துக்கொண்டேன். நெல்லிக்காய், கொய்யா, முருங்கைக்கீரை என்று மாற்றி மாற்றி ஊட்டினேன். அடுத்த முறை போனபோது மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்.

"நல்ல சாப்பாடுதான், குடுங்க. உடம்பு தாங்கிக்க உதவும். ஆனா முதல்ல உள்ள போறது நிக்கணும். அவர் சட்டையில, தலைமுடியில ஒட்டிட்டு வர்ற தூசிதான் பிரச்சினை. குளிச்ச பிறகு குழந்தையைத் தூக்கச் சொல்லுங்க."

பட்டறையில் கை கழுவ ஒரு குழாய்தான் உண்டு. எங்கள் வீட்டிலோ கூடத்தைத் தாண்டித்தான் குளியலறை. அப்பாவின் குரல் கேட்டதும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்பவளை நான் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவேன். அவள் கதறுவாள். அவர் யார் முகத்தையும் பார்க்காமல் கூடத்தைக் கடப்பார். செய்வது சரிதானா என்று எனக்கே தெரியவில்லை.

ஒருநாள் அழுகை கேட்டுக் கீழ் வீட்டு அக்கா மேலே வந்தார். மீன் விற்பவர். விஷயம் தெரிந்தால் எங்களை ஒதுக்கிவிடுவாரோ என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

"இதுக்கா கொயந்தைய இந்தப் பாடு படுத்திகினு கீற? எங்க பாத்ரூம் வெளியதான கீது. அங்க குளிச்சு, துணி மாத்திகினு மேல வரச் சொல்லு. என் பசங்க சின்னதா இருக்கச்சொல்ல, மீன் வித்துட்டு வந்து குளிக்காம நான் தூக்குனதே இல்ல."

"உங்களுக்குச் சிரமமாச்சே அக்கா."

"எனக்கு இன்னா சிரமம்? உன் வூட்டுக்காரருக்கு மீன் வாசன ஒத்துக்குமான்னு கேளு."

மறுநாள் அக்கா வெந்நீரே போட்டு வைத்திருந்தார். கணவர் குளித்து, தூசி தங்காமல் தரையைக் கழுவிவிட்டு, அழுக்குத் துணியை மூடி போட்ட வாளியில் வைத்துவிட்டு மேலே வந்தார். மகள் தாவினாள். நான் தடுக்கவில்லை. அவர் அவளை வெகுநேரம் இறக்கவே இல்லை.

அடுத்தடுத்த பரிசோதனைகளில் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. மகளுக்கு எது நல்லது என்று இன்றும் ஆயிரம் முறை யோசிப்பவள்தான் நான். ஆனால் நம் கஷ்டத்தை அடுத்த வீட்டாரிடம் சொல்லலாமா என்று மட்டும் இப்போதெல்லாம் யோசிப்பதில்லை.