வண்டியை விடாத கை

ஜப்பான்காரன் வந்த இரண்டாவது வருடம். சுங்கை பட்டாணியில் நான் வேலை பார்த்த மோட்டார் பட்டறையை ராணுவம் எடுத்துக்கொண்டது. என்னையும் அதோடு சேர்த்துத்தான். காலையில் மரவள்ளிக்கிழங்கு, சாயங்காலமும் மரவள்ளிக்கிழங்கு. ஸ்பானரைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

ஜப்பான் சண்டைக்கு முன் நான் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டியவன். பக்கத்து எஸ்டேட்டில் லாரி ஓட்டிய ஒருவரும் ஓட்டுவார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். திடலில் புல்தரையில் ஓடுவோம், விழுவோம். விழும்போது வண்டியை விட்டுவிட வேண்டும். அது ஒரு பக்கம் போகட்டும், நாம் ஒரு பக்கம் உருள வேண்டும். அப்படித்தான் இருவரும் முட்டி தேய்ந்ததோடு எத்தனையோ முறை எழுந்து வந்திருக்கிறோம்.

இதை யாரோ பட்டறைக்குப் பொறுப்பான ஜப்பானிய அதிகாரியிடம் சொல்லிவிட்டார்கள். சிப்பாய்களுக்கு விடுமுறை நாளில் வேடிக்கை வேண்டுமாம். ராணுவ வண்டிகள் இரண்டு, எஸ்டேட்டில் லாரி போகும் செம்மண் சடக்கு, ரப்பர் ஆலையைச் சுற்றி மூன்று சுற்று. எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் பெரிய கிராணிதான் எங்களிடம் வந்து சொன்னார்.

"வண்டியில ஒரு கீறல் விழக்கூடாதாம். ஜப்பான் தொரை ரெண்டு தடவ சொல்லிட்டாரு. பார்த்து ஓட்டுங்க லா."

அதற்கு முந்தின வாரம்தான் ஒரு லாரி விளக்கு உடைந்ததற்காக ஒருவனைத் தலைக்கு மேல் கல்லைத் தூக்கிக்கொண்டு நாள் முழுவதும் வெயிலில் நிற்க வைத்திருந்தார்கள். நாங்கள் இருவருமே பார்த்தோம்.

இரண்டு வண்டிகளின் முன்சக்கர டயர்களும் தேய்ந்து வழுவழுவென்று இருந்தன. ரப்பர் ஷீட்டை வெட்டி ஒட்டுப் போட்டவன் நான்தான். அண்ணனிடம் சொன்னேன்.

"அண்ணே, இந்த டயர் வளைவுல நிக்காது. மெதுவாவே போங்க."

"மெதுவா போனா அறை விழும். வேகமா போனா வண்டி விழும். என்னதான் பண்றது தம்பி?" என்றார். சிரிக்கவில்லை.

ரப்பரிலிருந்து காய்ச்சிய எண்ணெயில் ஓடிய வண்டி. கரும்புகை கண்ணை எரித்தது. அவர் முன்னால், நான் பத்து கஜம் பின்னால். இரண்டாவது சுற்றில், பெரிய கால்வாய் ஓரத்து வளைவில், அவருடைய முன்சக்கரம் சரளையில் வழுக்கியது. வண்டி சாய்வதற்கு நேரம் இருந்தது. கையை எடுத்திருந்தால் சடக்கில் உருண்டு எழுந்திருப்பார். எடுக்கவில்லை. இரண்டு கையாலும் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து வண்டியை நிமிர்த்தப் பார்த்தார். நிமிரவில்லை. வண்டியும் அவருமாகக் கால்வாய்க்குள் போனார்கள். வண்டி மேலே, அவர் கீழே.

நான் என் வண்டியை நிறுத்திவிட்டு ஓடினேன். சிப்பாய்களின் சத்தம் நின்றுபோயிருந்தது. சேற்றில் இறங்கி வண்டியைத் தூக்கினேன். இடது கால் முட்டிக்குக் கீழே வேறு திசையில் கிடந்தது. அவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"வண்டிக்கு என்ன ஆச்சு தம்பி?"

அதிகாரியும் வந்து முதலில் வண்டியைத்தான் குனிந்து பார்த்தார். பிறகு ஒடிந்த காலைப் பார்த்தார், தண்டனை எதுவும் சொல்லாமல் திரும்பிப் போனார்.

கதவுப் பலகை ஒன்றில் வைத்து அண்ணனை எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெசரிடம் மருந்து இல்லை. உப்புத் தண்ணீரில் கழுவி, அண்ணியின் பழைய சேலையைக் கிழித்து, மூங்கில் பிளாச்சு வைத்துக் கட்டினார். மூன்று வாரம் காய்ச்சல். சில நாள் பிழைப்பாரா என்பதே தெரியவில்லை. எலும்பு கூடியபோது கோணலாகக் கூடியது. கிளட்சை மிதிக்க அந்தக் காலால் முடியாது. லாரி வேலை போனது.

ஒருநாள் அண்ணி கேட்டே விட்டார். "விட்டுத் தொலைச்சிருக்கலாமில்ல? அந்த இரும்ப ஏன் புடிச்சிக்கிட்டு விழுந்தீங்க?"

"விட்டிருந்தா கால் இருக்கும்" என்றார் அண்ணன். "அப்புறம் கல்லத் தூக்கிக்கிட்டு நானில்ல நிக்கணும்? இந்த ஒடம்புக்கு அரை நாள் தாங்காது."

அண்ணி அடுப்பைப் பார்க்க உள்ளே போனார். டயரைப் பற்றி நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீ என்ன செய்வ, இருந்தத வச்சி ஒட்டுன" என்று அண்ணனே முடித்துவிட்டார்.

நொறுங்கிய வண்டியை நான்தான் பழுது பார்த்தேன். மறுமாதம் இன்னொரு பந்தயம் என்றார்கள். அதே வளைவு. நான் நடக்கிற வேகத்தில் போனேன். வண்டி விழவில்லை. அதிகாரி இரண்டு அறை கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். அதன்பிறகு என்னை ஓட்டச் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் அந்தப் படை ஜித்ரா பக்கம் போனது, வண்டிகளும் போயின.

ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்டேட்டுக்கு நடந்தே போவேன். அண்ணன் லயத்து வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து கிழங்குத் தோல் உரித்துக்கொண்டிருப்பார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கத்தியை எடுத்துக்கொள்வேன். உரித்ததை அண்ணி அடுப்புக்கு எடுத்துப் போவார்.  கிழங்கு வெந்ததும் அண்ணி கூப்பிடுவார். அண்ணன் எழுந்து நிற்கத் தோள் கொடுப்பேன். உள்ளே போய்ச் சாப்பிடுவோம்.