ரிமோட்காரரின் முதுகுப்பை

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவருக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. வெள்ளம் வந்துபோன வருஷத்திலிருந்து அந்தப் பேர் சம்பளச் சீட்டில் மட்டும்தான். மற்றபடி கடை முதலாளி முதல் எதிர்வீட்டுக் குழந்தை வரை எல்லாருக்கும் அவர் ரிமோட்.

அப்போது ஆற்றை ஒட்டிய தாழ்ந்த தெருவில் குடியிருந்தார்கள், அவரும் மனைவியும். காலை ஒன்பது மணிக்கு ஒலிபெருக்கி வைத்த வண்டி ஒன்று தெருவில் வந்தது. பத்து நிமிஷத்துக்குள் எல்லாரும் வீட்டைக் காலி பண்ணி மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்றது. மனைவி தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிறவள். இருபது வருஷத்துக்கு மேலாகக் கைக்கு வந்ததை ஒரு நொடியில் பார்த்து, எந்த ஊருக்கான அறை என்று முடிவு செய்து, போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிற பழக்கம். வீட்டிலும் அப்படியே செய்தாள். பத்திரங்கள், மாத்திரைகள், வங்கிப் புத்தகம், மாற்றுத் துணி, அவருடைய கண்ணாடி. எல்லாம் ஒரு துணிப்பைக்குள் போய்விட்டன.

பள்ளிக்கூட ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்த பிறகுதான், "நீங்க என்ன எடுத்துட்டு வந்தீங்க?" என்று கேட்டாள். அவர் இறுக மூடியிருந்த கையை விரித்தார். டிவி ரிமோட். டிவி அந்நேரம் கூடத்தில் மிதந்துகொண்டிருந்திருக்கும். பக்கத்துப் பாயில் இருந்தவர் முதலில் சிரித்தார். பிறகு அடுத்த பாய், அதற்கடுத்த பாய். அந்த ஹாலில் அன்றைக்குக் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். பேர் ஒட்டிக்கொண்டது.

அவர் அதைச் சட்டை செய்யவில்லை. கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்த்தார், சிரித்தார். உள்ளுக்குள் மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. பத்து நிமிஷம் கொடுத்தார்கள். மனைவி ஒரு குடும்பத்தையே கட்டி எடுத்துவிட்டாள். அந்தப் பத்து நிமிஷத்தில் தான் எங்கே போயிருந்தோம் என்பது அவருக்குத் தெரியும். அதை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

பின்னறையில் அவருடைய வேலைக்குக் கண்ணும் விரல் நுனியும் போதும். சக்கரம் சுற்றும், அதன்மேல் நூல் மாதிரித் தண்ணீர் விழும், லென்ஸின் விளிம்பு கரைந்து பால் போல ஓடும். அந்தச் சத்தத்தில் மனசு பாட்டுக்கு எங்கேயோ போய்விடும். தேய்த்து முடித்த லென்ஸை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். எதிர்ச்சுவரில் காயும் துணிகள் அதற்குள் தலைகீழாக, குட்டியாக, யாரோ தூரதேசத்தில் ஏற்றிய கொடிகள் மாதிரி அசையும். முதலாளி வந்து தோளைத் தொட்டால்தான் இந்த உலகத்துக்குத் திரும்புவார்.

இப்படிப்பட்ட ஆளுக்கு ஆபத்து நேரத்தில் மூளை வேலை செய்யாது. அதனால் மூளையை முன்கூட்டியே ஒரு பைக்குள் போட்டு வைத்துவிட வேண்டும். வெள்ளம் முடிந்த மூன்றாம் வருஷம், மேட்டுத் தெருவில் இரண்டாம் மாடி வீட்டுக்கு வந்து நன்றாக வேரூன்றிய பிறகு, அவர் இந்த முடிவுக்கு வந்தார்.

"இரண்டாம் மாடிக்கு எந்தத் தண்ணி வரப் போகுது?" என்றாள் மனைவி.

"தண்ணி மட்டும்தானா? தீ இருக்கு. ஆஸ்பத்திரி இருக்கு. யாராவது திடீர்னு கூப்பிடலாம். கிளம்புன்னா கிளம்பணும், அவ்வளவுதான்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

பை வாங்க அவர் மூன்று சனிக்கிழமை கடைக்குப் போனார். பைக்கடைக்காரி கறாரான பெண். முதல் தடவை, எண்பது லிட்டர் கொள்ளும் பெரிய பையை அவர் ஆசையாகத் தடவியதைப் பார்த்துவிட்டு, "மலை ஏறப் போறீங்களா சார்?" என்றாள்.

"இல்லம்மா. ஆபத்துக்கு."

"அப்ப இது வேண்டாம். பெரிய பை வாங்கினா அதை நிரப்பாம உங்களால இருக்க முடியாது. நிரப்பினா தூக்க முடியாது. வெறும் பையை மாட்டிப் பார்த்துட்டு வாங்கிட்டுப் போறவங்கதான் அடுத்த வாரம் திருப்பித் தர வர்றாங்க. கனத்தைப் போட்டுப் பாருங்க."

இரண்டாம் சனிக்கிழமை அவர் ஏழு கிலோ பழைய கண்ணாடித் துண்டுகளைத் துணியில் பொதிந்து எடுத்துக்கொண்டு போனார். ஒவ்வொரு பையிலும் அதைப் போட்டு, கடையின் மாடிப்படியில் ஏறி இறங்கினார். ஒன்று தோளை அறுத்தது. ஒன்று நடக்க நடக்க முதுகில் தட்டிக்கொண்டே வந்தது. ஒன்றில் மேலே மட்டும்தான் வாய். அடியில் இருப்பதை எடுக்க எல்லாவற்றையும் கொட்ட வேண்டும். மூன்றாம் சனிக்கிழமைதான் அவருடைய பை கிடைத்தது. முப்பத்தைந்து லிட்டர். மழைக்கு முந்தைய வானத்தின் சாம்பல் நிறம். பெட்டி மாதிரி முழுசாகத் திறக்கும். இடுப்பில் ஒரு பட்டை. அதை இறுக்கியதும் கனம் தோளிலிருந்து இறங்கி இடுப்பில் உட்கார்ந்தது. யாரோ பின்னாலிருந்து மெல்லத் தாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது அவருக்கு. படியின் நடுவில் அப்படியே நின்றுவிட்டார்.

"அதுதான் சார் உங்க பை," என்றாள் கடைக்காரி, கீழேயிருந்து.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் எல்லாம் பைக்கு. கூடத்தில் போர்வையை விரித்து, எல்லாவற்றையும் அதில் பரப்பி, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து யோசிப்பார். டார்ச், விசில், கயிறு, மழைத்தாள், முதலுதவி டப்பா, தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் உறையில் பத்திரங்களின் நகல், கையால் எழுதிய போன் நம்பர்கள், இருவருக்கும் ஒரு செட் மாற்றுக் கண்ணாடி, ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர். மனைவி தாண்டித் தாண்டி நடந்தாள்.

முதல் தடவை கட்டி முடித்தபோது பையைத் தூக்க முடியவில்லை. அவள் அதை ஆட்டோவில் தபால் நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பார்சல் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

"பதினாலு கிலோ. நீங்க இதைத் தூக்கிட்டு ஓடறதுக்கு, இதையே பார்சல்ல அனுப்பிட்டு நீங்க சும்மா நடந்து போகலாம்."

அவர் குறைக்க ஆரம்பித்தார். ஒரு பொருளுக்கு இரண்டு வேலையாவது இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார். போர்வைக்குப் பதில் பெரிய துண்டு. அது துடைக்கவும் ஆகும், போர்த்தவும் ஆகும், சுருட்டினால் தலையணை. பெரிய கத்தி வெளியே போனது, மடக்குக் கத்தி உள்ளே வந்தது. துணிகளை மடிக்காமல் சுருட்டினார். லேசானது அடியில், கனமானது முதுகை ஒட்டி நடுவில், அவசரத்துக்கு வேண்டியது மேலே. டார்ச்சின் பேட்டரி ஒன்றைத் திருப்பிப் போட்டார், பைக்குள் தானாக எரிந்து தீர்ந்துவிடாமலிருக்க. பை எட்டு கிலோவுக்கு வந்தது.

சுருட்டிய துணிகளை வைக்கும்போது அவருக்கு ஏதேதோ தோன்றும். இந்தத் துண்டால் எந்த ஊரில் முகம் துடைப்போம்? இந்தப் பாட்டிலில் எந்தக் குழாயின் தண்ணீர் நிரம்பும்? ஜன்னல் வழியே வரும் வெயில் போர்வையின் ஓரத்திலிருந்து மெல்ல நகர்ந்து, விசிலைத் தொட்டு, கயிற்றைத் தொட்டு, சுவரேறிப் போய்விடும். அவர் உட்கார்ந்தபடியே இருப்பார்.

ஒருநாள் மனைவியும் எதிரில் வந்து உட்கார்ந்தாள். பொருட்களைக் கடிதம் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"என்னங்க, இதுல முழுக்கப் பயம்தான் இருக்கு. ஒரு நல்ல சட்டைகூட இல்லையே."

"ஆபத்துல நல்ல சட்டை எதுக்கு?"

"ஆபத்து முடிஞ்ச மறுநாள் எதைப் போட்டுக்குவீங்க?"

அவள் உள்ளே போய் அவருடைய நீலச் சட்டையையும் தன்னுடைய ஒரு நல்ல உடையையும் எடுத்து வந்து, அவர் சுருட்டுகிற மாதிரியே சுருட்டி, ஓரத்தில் செருகினாள். கயிற்றில் பாதியை வெட்டி எடுத்து எடையைச் சரிக்கட்டினாள். அன்றிலிருந்து அது ஓடுவதற்கு மட்டுமான பையாக இல்லை.

அழைப்பு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். மனைவியின் அக்கா, ரயிலில் போனால் ஒரு பகல் தூரத்தில் தனியாக இருந்தவள், குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் என்றார்கள். மனைவி போனை வைத்துவிட்டு, அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. ஆயிரம் கடிதம் பிரிக்கிற கைகள் மடியில் சும்மா கிடந்தன.

அவர் கதவுக்குப் பின்னாலிருந்து பையை எடுத்து மாட்டினார். இடுப்புப் பட்டையைப் பூட்டினார். கேஸ் சிலிண்டரை மூடினார், ஜன்னலைச் சாத்தினார், அவளுடைய செருப்பைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தார்.

"வா," என்றார்.

அன்றைக்குக் கடைசி ரயில் போய்விட்டிருந்தது. ஸ்டேஷன் பெஞ்சிலேயே காத்திருந்து, விடிந்ததும் முதல் ரயிலைப் பிடித்தார்கள். நாலு மணி நேரம் ஒழுங்காக ஓடிய ரயில், பெயரில்லாத ஒரு வெட்டவெளியில் நின்றது. முன்னால் ஒரு பாலத்தைச் சோதிக்கிறார்கள் என்று கார்டு வந்து சொன்னார். எப்போது கிளம்பும் என்று அவருக்கே தெரியவில்லை.

இரண்டு பக்கமும் இடுப்பளவு புல். காற்று வீசும்போது புல்வெளி முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. பெட்டியில் மின்விசிறி நின்றுபோனது, போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. எதிர் இருக்கையில் இருந்த ஒரு கணக்கு டீச்சர், கண்ணாடியின் காலைப் பிணைக்கும் திருகு விழுந்துவிட்டதென்று தரையைத் தடவிக்கொண்டிருந்தார். இவர் குனிந்து தேடிக் கண்டுபிடித்து, பையின் மேல் அறையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, அரை நிமிஷத்தில் மாட்டிக் கொடுத்தார். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பையைப் பார்த்தார்.

"இதுக்குன்னே எடுத்துட்டு வந்தீங்களா?"

"எதுக்குன்னு தெரியாம எடுத்துட்டு வந்ததுதாங்க," என்றார் அவர்.

சாயங்காலம் ஆனது. ஆளாளுக்குக் கீழே இறங்கித் தண்டவாளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். மழைத்தாளை விரித்து இவர்களும் உட்கார்ந்தார்கள். பிஸ்கட்டைப் பாதி பாதியாக உடைத்துத் தின்றார்கள். வெயில் தாழ்ந்து, புல்லின் நுனியெல்லாம் பொன்னாகி, ரயிலின் நீண்ட நிழல் அதன்மேல் படுத்திருந்தது. மனைவி அழவில்லை, அழுது முடித்தவள் மாதிரி இருந்தாள்.

"நேத்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல," என்றாள். "அன்னிக்கு உங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

அவர் புல்லைப் பார்த்தபடி சொன்னார். "இல்லை. எனக்குப் பயமே வரல. தெருவுல தண்ணி வந்துருச்சு இல்லையா, அதுல வெயில் பட்டு, நம்ம கூடத்து மேற்கூரை முழுக்க வெளிச்சம் நெளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. மீன் வலை மாதிரி. நான் அதைத்தான் பார்த்துட்டே நின்னேன். நீ கூப்பிட்டதும் கையில பட்டதை எடுத்துட்டு ஓடி வந்தேன். சொன்னா நீ என்ன நினைப்பியோன்னு சொல்லல."

அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அழகா இருந்துச்சா?" என்றாள்.

"ரொம்ப."

"என்னையும் கூப்பிட்டிருக்கலாம். ஒரு நிமிஷம் பார்த்திருப்பேன்."

இருட்டுவதற்குள் பாலத்திலிருந்து பச்சைக் கொடி கிடைத்தது. எல்லாரும் ஏறிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் ஆபரேஷன் முடிந்திருந்தது. வாடிப்போயிருந்தாலும் வாய் மட்டும் வாடவில்லை. "இந்தப் பையைப் பார்த்தா என்னைப் பார்க்க வந்த மாதிரி தெரியலையே, போருக்குப் போற மாதிரியில்ல இருக்கு," என்றாள். பதினாறு நாள் தங்கினார்கள். இரண்டு செட் துணியைத் துவைத்துத் துவைத்து உடுத்தினார்கள். பெரிய துண்டு, ஆஸ்பத்திரி நாற்காலியில் மாறி மாறி இருவருக்கும் தலையணையானது. அக்கா ஊன்றுகோல் பிடித்து வாசல் வரை நடந்த அன்று, பக்கத்து வீட்டுக்காரம்மா தன்னைப் பார்த்துக்கொள்வாள் என்று சொல்லி இவர்களை அனுப்பிவைத்தாள்.

திரும்புகிற வழியில்தான் அது நடந்தது. நடுக்காலை. ரயில் ஒரு சின்ன ஸ்டேஷனில் நின்றது. மனைவி மஞ்சள் பலகையில் இருந்த ஊர்ப் பெயரை வாய்க்குள் படித்தாள். மறுபடி படித்தாள்.

"மூணாவது வரிசை, அஞ்சாவது அறை," என்றாள்.

"என்ன அது?"

"இந்த ஊர். இருபத்தாறு வருஷமா இந்த அறையில கடிதம் போட்டுட்டு இருக்கேன். நிஜமாவே இப்படி ஒரு ஊர் இருக்குங்க."

பிளாட்பாரத்தில் ஒரே ஒரு மரம். அதன் கீழ் ஒரு நாய் தூங்கியது. கேட்டுக்கு அப்பால் ஒரு தெரு சரிந்து இறங்கி வளைந்து மறைந்தது. வளைவுக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கும் என்று ரயிலிலிருந்து தெரியவில்லை. இரண்டு நிமிஷ நிறுத்தம்.

அவர் அவளைப் பார்த்தார். அவள் அவருடைய தோளைத் தாண்டி மேலே இருந்த பையைப் பார்த்தாள்.

"லீவு இன்னும் மூணு நாள் இருக்கு," என்றாள் மெதுவாக.

அவர் பையை இறக்கி மாட்டினார். இடுப்புப் பட்டை பூட்டுகிற சத்தம் கேட்டபோது அவள் ஏற்கெனவே வாசற்படியில் நின்றாள். ரயில் போன பிறகு அவ்வளவு அமைதியாக இருந்தது. சரிந்து இறங்கிய தெருவில் நடந்தார்கள். வீட்டுக்கு வீடு தபால் பெட்டிகள் தொங்கின. பச்சை, சிவப்பு, துருப்பிடித்த ஒன்று. அவள் ஒவ்வொன்றின் முன்னும் நின்று பேரைப் படித்தாள். சில பேர்களைப் பார்த்து, பழக்கப்பட்டவர்களைத் தெருவில் கண்ட மாதிரி தலையாட்டிக்கொண்டாள். வளைவைத் தாண்டியதும் ஒரு ஏரி இருந்தது. அவ்வளவு பெரிய ஏரி அங்கே இருக்கும் என்று அவர்கள் இருவருமே நினைத்திருக்கவில்லை. கரையில் ஒரு விடுதி, மாடியில் காலி அறை. அவர் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டார். இரண்டு பகல் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, பேசியும் பேசாமலும் ஏரியைப் பார்த்தார்கள்.

ஊர் திரும்பிய வாரமே மனைவி பைக்கடைக்குப் போனாள், தனக்கொன்று வாங்க. அவரும் கூடப் போனார், ஏழு கிலோ கண்ணாடித் துண்டுகளோடு. அவள் அதைத் தொடக்கூட இல்லை. உள்ளே நுழைந்து, ஒரு பச்சைப் பையை எடுத்து, மாட்டி, நாலு அடி நடந்து, "இது போதும்," என்றாள். கடைக்காரி அவரைப் பார்த்தாள். அவர் கண்ணாடி மூட்டையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, தெருவைப் பார்த்து நின்றார்.